புதுப்பிப்பு: ஜிம்னி (சுசுகியின் சிறிய 4x4 வண்டி) முன்பக்க ஸ்பிரிங் மாற்றியாச்சு

வின்ச்சும் (சிக்கிய வண்டியை இழுக்கும் கம்பிச்சுருள்), வண்டியின் அடியைக் காக்கும் அடித்தகடும் சேர்ந்து 45 கிலோ ஏறியதில் மூக்கு தாழ்ந்துவிட்டது, என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். கூடுதலாக 50 கிலோ தாங்கும் முன் ஸ்பிரிங், அதற்கேற்ற ஷாக் அப்சார்பர் இரண்டும் போட்டாச்சு. ஸ்பிரிங்கை மட்டும் மாற்றாதீர்கள். கடினமான ஸ்பிரிங் திரும்பி விரிவதைப் பழைய ஷாக் அடக்காது, குழியில் வண்டி துள்ளும்.

உயரத்தைத் தரையிலிருந்து அளந்தால் டயர் காற்று கணக்கைக் குழப்பும். ஹப் (சக்கர மையம்) நடுவிலிருந்து அதற்கு மேலே ஃபெண்டர் (சக்கரத்துக்கு மேலுள்ள வளைவு) விளிம்பு வரை அளந்து பாருங்கள்.

பலர் கெடுப்பது இணைப்புகளில் இருக்கும் ரப்பர் புஷ்ஷைத்தான். வண்டி ஜாக்கில் தொங்கும்போதே ரேடியஸ் ஆர்ம் (சக்கர அச்சை சேஸியோடு இணைக்கும் கை) போல்ட்டை இறுக்கினால், கீழே இறக்கியதும் உள்ளே ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும், சீக்கிரம் கிழியும். நான்கு சக்கரமும் தரையில் பட்ட பிறகுதான் கடைசி இறுக்கு. 500 கி.மீ. ஓடியதும் டார்க் ரெஞ்ச் (குறித்த அளவுக்கு இறுக்கும் ஸ்பேனர்) வைத்து மறுபடி பாருங்கள்.

உயரம் கூடியதில் காஸ்டர் (ஸ்டியரிங் அச்சின் பின்சாய்வு) குறைந்து, மசினகுடியிலிருந்து கல்லட்டி ஏறும்போது வளைவு முடிந்தும் ஸ்டியரிங் தானாக நேருக்கு வரவில்லை. அங்கே 36 கொண்டை ஊசி, கை ஓய்ந்துவிடும். காஸ்டர் திருத்தும் புஷ் போட்டதும் சரியானது.

முகப்பு விளக்கையும் தாழ்த்தி வையுங்கள். நிமிர்ந்த மூக்கோடு ஊட்டி மூடுபனியில் போனால் எதிரே வெள்ளைச் சுவர்தான் தெரியும்.