வசந்தகால ஹொக்கி: பத்து வயதில் தேவையா?

மார்க்கம் அம்மா
மகனுக்குப் பத்து வயது. குளிர்காலத்தில் ஐஸ் ஹொக்கியில் டபுள் ஏ அணியில், அதாவது தேர்வு வைத்துச் சேர்க்கும் அணியில், விளையாடினான். இப்போது ஒரு தனியார் வசந்தகால அணியில் இடம் தருகிறோம் என்கிறார் அதன் கோச். ஏப்ரல் முதல் ஜூன் வரை. கட்டணம் 2,800 டொலர், வெளியூர்ப் போட்டிகளுக்கு ஹோட்டல் செலவு தனி. கணவர் வேண்டாம் என்கிறார். எனக்கு மனம் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

நீலக்கோடு
சேருங்கள் அக்கா. கனடாவில் ஹொக்கி வயதுப் பிரிவு, பிள்ளை பிறந்த ஆண்டை வைத்துத்தான். என் மகன் நவம்பர்ப் பிள்ளை. ஜனவரியில் பிறந்தவன் அவனைவிட ஒரு தலை உயரம். ஜூனியர் அணிகளில் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்களே அதிகம் என்று 1980களிலேயே ஆய்வாளர்கள் காட்டிவிட்டார்கள். அதோடு, நாங்கள் யாரும் ஸ்கேட் போட்டு வளர்ந்தவர்கள் இல்லை. மற்றவர்கள் மூன்று வயதில் பனியில் இறங்க, நம் பிள்ளைகள் ஆறிலோ ஏழிலோதான் இறங்குகிறார்கள். அந்த இடைவெளியை எப்போது நிரப்புவது? என் மகனுக்கு இரண்டு வசந்தங்கள் தேவைப்பட்டன. இப்போது டபுள் ஏக்கும் மேலான ட்ரிபிள் ஏயில் இருக்கிறான்.

பழைய ஸ்கேட்
நானும் இப்படித்தான் நினைத்தேன் தம்பி. நான்கு ஆண்டு இடைவெளியே இல்லாமல் விளையாட விட்டேன். பதின்மூன்று வயதில் மகனுக்கு இடுப்பு மூட்டில் வலி. ஸ்கேட்டிங்கில் கால் திரும்பத் திரும்ப ஒரே விதமாக வெளியே தள்ளுகிறது, வளரும் எலும்புக்கு அது பாரம் என்றார் மருத்துவர். ஒரு சனிக்கிழமை காலை ஐஸ் ரிங்க் வாசலில் காரை நிறுத்தினேன். கியர் பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தானே தவிர, கதவைத் திறக்கவில்லை. ஐந்து நிமிடம் இருவரும் பேசவில்லை. அப்புறம் வீட்டுக்குத் திரும்பினோம்.

ஒரே விளையாட்டில் இருக்கும் பிள்ளைகள் ஆண்டில் மொத்தம் மூன்று மாதமாவது அதை விட்டு விலகியிருக்க வேண்டும் என்கிறது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் 2016 அறிக்கை. ஹொக்கி ஜாம்பவான் கிரெட்ஸ்கியே கோடையில் பேஸ்போலும், வலை கட்டிய கம்பால் பந்தாடும் லக்ரோஸும் ஆடியவர்தான்.

நீலக்கோடு
அண்ணா, உங்கள் மகனுக்கு நடந்தது உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. ஆனால் கிரெட்ஸ்கி வளர்ந்த காலத்தில் மற்றப் பிள்ளைகளும் கோடையில் ஓய்வெடுத்தார்கள். இன்று பத்து வயதுக்காரர்களுக்கே எட்மன்டனில் ஜூலையில் பிரிக் என்ற ஹொக்கிப் போட்டி நடக்கிறது. நாம் மட்டும் நின்றால் பின்தங்குவது நம் பிள்ளைதான்.

பழைய ஸ்கேட்
எதில் பின்தங்குவது? பெரிய தொழில்முறை லீக்கான என்எச்எல்லுக்குத் தேர்வே பதினெட்டு வயதில்தான். நவம்பர்ப் பிள்ளைக்கு வேண்டியது வளர்வதற்கான நேரம். அதை எந்தக் கோச்சாலும் காசுக்குத் தர முடியாது.

இரவு ஷிப்ட்
தங்கை இருக்கிறாளா என்று யாரும் கேட்கவில்லையே? எங்கள் மகள் இரண்டு வசந்தகாலம் முழுக்க ரிங்க் படிக்கட்டில் ஜாக்கெட்டோடு உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினாள். அவளுடைய நீச்சல் வகுப்பை நிறுத்தித்தான் அண்ணனுக்குக் கட்டினோம். அதை நினைத்தால் இன்றும் மனம் வலிக்கிறது. பெட்டி லக்ரோஸ் பாருங்கள். ஐஸை எடுத்துவிட்டு அதே அரங்கில்தான் ஆடுகிறார்கள், செலவும் எங்களுக்குப் பாதிகூட வரவில்லை.

மார்க்கம் அம்மா
எல்லோருக்கும் நன்றி. மகனிடமே கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஜூனில் சைக்கிள் ஓட்ட முடியுமா?" என்றான். இந்த ஆண்டு வேண்டாம் என்று கோச்சுக்கு எழுதிவிட்டேன். மே மாதத்திலிருந்து வாரம் ஒரு நாள் ஸ்கேட்டிங் வகுப்பு மட்டும் போடுகிறேன்.

நீலக்கோடு
எனக்கு இன்னும் உடன்பாடில்லை அக்கா. சரி, அந்த வகுப்பில் பின்னோக்கி ஸ்கேட் செய்யச் சொல்லித் தருகிறார்களா என்று முதலில் கேளுங்கள். அணித் தேர்வில் என் மகன் தடுமாறியது அதில்தான்.