பூங்கா இணைப்புப் பாதையில் வேகமாக ஓட்டுபவன் கேட்கிறேன்: மணி அடித்தும் ஏன் குறுக்கே வருகிறார்கள்?

பொங்கோல்_சைக்கிள்:

சனிக்கிழமை காலை நடந்ததை அப்படியே எழுதுகிறேன். என் பக்கம் தவறு இருந்தால் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

மணி 6.40. சிங்கப்பூரில் அந்த நேரத்துக்கு இன்னும் இருட்டுதான். சுங்கை சிராங்கூன் ஓரமாக ஹவ்காங்கில் இருந்து பொங்கோல் பக்கம் வந்துகொண்டிருந்தேன். முன்விளக்கு எரிகிறது, ஹெல்மெட் போட்டிருக்கிறேன், வேகம் காட்டும் மீட்டரில் 24 கி.மீ. நடப்பவர்களும் சைக்கிள்களும் சேர்ந்து போகும் இந்தப் பகிர்வுப் பாதையில் வேக வரம்பு மணிக்கு 25 கி.மீ. முன்னால் ஒரு சீன அங்கிள் இடது ஓரமாக நடந்துபோகிறார், கையில் கயிறு கட்டிய பிளாஸ்டிக் கோப்பிப் பை. வேறு யாரும் இல்லை. வலப்பக்கம் நான் கடந்துபோகத் தாராளமாக இடம் இருந்தது. இரண்டு முறை மணி அடித்தேன். அவர் சட்டென்று வலது பக்கம் நகர்ந்தார், நேராக என் சக்கரத்துக்கு முன்னால்.

இரண்டு பிரேக்கையும் இறுக்கினேன். பின்சக்கரம் வழுக்கியது. கைப்பிடி முனை அவர் முழங்கையில் பட்டது, அவர் தடுமாறிப் புல்லில் உட்கார்ந்துவிட்டார். பை கிழிந்து கோப்பி முழுக்க அவருடைய வெள்ளைக் கேன்வாஸ் காலணியில் கொட்டிவிட்டது. பையைக் கட்டியிருந்த சிவப்புக் கயிறு மட்டும் அவர் விரலில் மாட்டியபடி தொங்கியது. அவர் என்னைத் திட்டவே இல்லை. அந்தக் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

என் பெயர், தொலைபேசி எண் எழுதிக் கொடுத்தேன். ஆம்புலன்ஸ் வேண்டாம் என்றார். கையை மடக்கி நீட்டிக் காட்டினார். பத்து நிமிடம் கூடவே உட்கார்ந்திருந்தேன். அப்புறம் எழுந்து நடந்துபோய்விட்டார்.

நான் வேடிக்கைக்காக வேகம் ஓட்டுபவன் இல்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் சர்க்கரை அளவைப் பார்த்து மருத்துவர் பயந்துபோனார். சும்மா நடந்தால் போதாது, மூச்சு வாங்க வேண்டும் என்றார். சைக்கிள் எடுத்தேன், 11 கிலோ குறைந்தது, மாத்திரை பாதியானது. சாலையில் ஓட்டுவதில்லை என்று மனைவிக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். லாரிகளுக்குப் பக்கத்தில் நான் போவதை நினைத்தாலே அவளுக்குத் தூக்கம் வராது. ஆகவே எனக்கு இந்தப் பாதையை விட்டால் வேறு இடம் இல்லை.

வரம்புக்குள்தான் போனேன். மணியும் அடித்தேன். சட்டப்படி எல்லாம் சரி. ஆனாலும் அந்தக் கயிறு கண்ணை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. நான் வேறு என்ன செய்திருக்க வேண்டும்?

---

தினமும்_20கிமீ:

முதலில், நீங்கள் நின்றீர்கள், விவரம் கொடுத்தீர்கள். சட்டமும் அதைத்தான் கேட்கிறது. பலர் திரும்பிக்கூடப் பார்க்காமல் போகிறார்கள்.

ஆனால் எல்லாப் பழியையும் உங்கள் தலையில் நீங்களே போட்டுக்கொள்ள வேண்டாம். நான் செங்காங்கில் இருந்து தெம்பனிஸ் வரை சைக்கிளில்தான் வேலைக்குப் போகிறேன். நான்கு பேர் பாதை முழுக்கக் கைகோத்தபடி நடக்கிறார்கள். இரண்டு காதிலும் இயர்போன். போன மாதம் ஒருவர் பாதையின் ஒரு ஓரத்தில், அவருடைய நாய் மறு ஓரத்தில். நடுவில் அந்த நீளும் கயிறு, விடியற்காலையில் கண்ணுக்கே தெரியாது. நான் கழுத்தை முறித்துக்கொண்டிருப்பேன். வேகத்தைப் பற்றி மட்டும் பேசினால் பாதி விஷயம் விட்டுப்போகிறது. பாதையைப் பகிர்வது என்றால் இரு பக்கமும் கவனம் வேண்டும்.

---

காலைநடை_ஹவ்காங்:

தம்பி, எனக்கு 67 வயது. நீங்கள் சொல்லும் அதே பாதையில் வாரத்தில் ஐந்து நாள் நடக்கிறேன். அந்த அங்கிள் ஏன் வலது பக்கம் வந்தார் என்று கேட்டீர்கள். என் அனுபவத்தைச் சொல்கிறேன்.

எனக்கு வலது காது எட்டு வருடமாகக் கேட்பதில்லை. ஒரு காது மட்டும் வேலை செய்தால் சத்தம் கேட்கும், ஆனால் எந்தப் பக்கம் இருந்து வருகிறது என்று பிடிபடாது. பின்னால் 'டிங்' என்றால் எனக்கு அது எப்போதும் இடது பக்கம்தான். உடனே கால் தானாக வலது பக்கம் போய்விடும். யோசித்து எடுத்து வைக்கும் அடி இல்லை அது, உடம்பு தானாகச் செய்வது. அவருக்கும் அப்படியா என்று எனக்குத் தெரியாது. ஆனால் என்னைப் போல அந்தப் பாதையில் நிறையப் பேர் இருக்கிறோம். பார்த்தால் தெரியாது.

அடுத்தது, மணி. நீங்கள் எவ்வளவு தூரத்தில் அடித்தீர்கள் என்று எழுதவில்லை. பெரும்பாலும் முதுகுக்குப் பின்னால் வந்துதான் அடிக்கிறார்கள். அந்த நேரத்தில் அது "நான் வருகிறேன்" என்று காதில் விழாது, "நகரு" என்றுதான் விழும். சொன்னதும் நகர வேண்டும் என்ற பயத்தில் எந்தப் பக்கமோ குதிக்கிறோம்.

2019 செப்டம்பரில் பிடோக்கில் சைக்கிளில் போன 65 வயதுப் பெண்மணி ஒருவர் மின்ஸ்கூட்டர் மோதி இறந்துபோனார். அந்த நவம்பரில் நடைபாதைகளில் மின்ஸ்கூட்டருக்குத் தடை வந்தது. அன்றில் இருந்து என் மகள் எனக்குத் தினமும் காலையில் ஒரு செய்தி அனுப்புகிறாள், வீட்டுக்கு வந்துவிட்டாயா என்று. வியர்வையோடு வந்து முதலில் அதற்குத்தான் பதில் போடுகிறேன்.

இயர்போனைப் பற்றி மேலே எழுதியவர் சொல்வது நியாயம். நீளும் நாய்க்கயிறும் ஆபத்துதான், நானே ஒருமுறை தடுக்கி விழுந்தேன். ஆனால் ஒன்று. நான் கவனக்குறைவாக நடந்தால் அடிபடுவது நான். நீங்கள் கவனக்குறைவாக ஓட்டினாலும் அடிபடுவது பெரும்பாலும் நான்தான். என் வயதில் இடுப்பெலும்பு ஒருமுறை முறிந்தால் பலருக்குப் பழைய நடை திரும்புவதில்லை. நான் குடியிருக்கும் மாடியில் ஒருவர் அப்படித்தான் படுக்கையிலேயே போய்ச் சேர்ந்தார்.

---

உணவு_கொண்டுபோகிறவன்:

சைக்கிளில் உணவு கொண்டுபோகும் வேலை எனக்கு. நடைபாதையில் வரம்பு 10 கி.மீ. தான். முதலில் 15 இருந்தது, 2019 பிப்ரவரியில் குறைத்தார்கள். பத்தில் ஓட்டுவது என்றால் ஓடுகிறவர்களுக்குப் பின்னாலேயே போவது மாதிரி. நேரம் ஆகும், காசு குறையும். இருந்தாலும் அந்த விதி சரி என்றுதான் சொல்வேன்.

2025 ஜூலை 1-இல் இருந்து, பக்கத்திலேயே சைக்கிள் பாதை இருந்தால் நடைபாதை நடப்பவர்களுக்கு மட்டும் என்று ஆக்கிவிட்டார்கள். எனக்கு இது பெரிய நிம்மதி. நான் எங்கே இருப்பேன் என்று நடப்பவர்களுக்குத் தெரிகிறது. பழைய பூங்கா இணைப்புகளில் அந்தப் பிரிவு இல்லை, எல்லோரும் ஒரே பாதையில். உங்களுக்கு நடந்தது அங்கேதான் நடக்கும்.

---

மேடு_ஏறி:

தம்பி, நான் இருபது வருடமாக ரோடு பைக், அதாவது சாலையில் வேகமாக ஓட்டும் சைக்கிள், ஓட்டுகிறேன். இந்தத் தவறை நானும் செய்தவன், அதனால் விளக்கமாகச் சொல்கிறேன்.

24 கி.மீ. என்றால் நொடிக்கு ஏழு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. எட்டு மீட்டர் தூரத்தில் மணி அடித்தால் அவருக்கு நீங்கள் கொடுத்தது ஒரே ஒரு நொடி. கேட்க வேண்டும், என்னவென்று புரிய வேண்டும், எந்தப் பக்கம் என்று முடிவு செய்ய வேண்டும், கால் எடுத்து வைக்க வேண்டும். ஒரு நொடியில் இளவட்டத்துக்கே முடியாது. 25, 30 மீட்டரிலேயே ஒரு முறை மெல்ல அடியுங்கள். அப்புறம் பெடலை நிறுத்துங்கள். பின்சக்கரத்தில் இருந்து கிர்ரென்று ஒரு சத்தம் வருமே, மணியை விட அது நன்றாக வேலை செய்யும். ஆள் பயப்படாமல், நீங்கள் நெருங்குவதையும் வேகம் குறைப்பதையும் காதாலேயே தெரிந்துகொள்வார். அவர் தலை கொஞ்சம் திரும்பினால் தெரிந்துகொண்டார் என்று அர்த்தம். திரும்பவில்லையா, அவருக்குக் கேட்கவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். வேகமாக நடக்கிற ஆளின் வேகத்துக்கு இறங்கிவிடுங்கள், "மார்னிங் அங்கிள், வலது பக்கம் வருகிறேன்" என்று அவருக்குப் புரிகிற மொழியில் வாயால் சொல்லுங்கள். கடக்கும்போது ஒரு கை நீளமாவது இடைவெளி விடுங்கள். சின்னப் பிள்ளை சைக்கிள் பழகுகிறது என்றால் இறங்கித் தள்ளினாலும் குற்றமில்லை. அதற்கு நேர்கோடு என்றால் என்னவென்றே தெரியாது.

நேரம் போய்விடும் என்று நினைப்பீர்கள். நான் கணக்குப் போட்டிருக்கிறேன். 30 மீட்டருக்கு 24-ஐ 12 ஆக்கினால் இழப்பது ஐந்து நொடிக்கும் குறைவு. மறுபடி வேகம் எடுப்பதையும் சேர்த்தால் பத்து நொடி என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபது பேரைக் கடந்தாலும் மூன்றரை நிமிடம் ஆகாது.

ஆனால் தம்பி, நீங்கள் உண்மையில் கேட்பது மணியைப் பற்றி இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. உங்களுக்கு மூச்சு வாங்க ஓர் இடம் வேண்டும். மருத்துவர் கேட்டது இதயத் துடிப்பு. வேகத்தை அவர் கேட்கவில்லை. இரண்டும் ஒன்று இல்லை. மவுண்ட் ஃபேபர் குன்றில் ஏறிப் பாருங்கள். 12, 13 கி.மீ. வேகத்திலேயே நெஞ்சு அடித்துக்கொள்ளும். விடியற்காலை ஐந்தரைக்கு அங்கே வண்டி மிகக் குறைவு. ஆறு தடவை ஏறி இறங்கினால் நல்ல பயிற்சி. சமதளம்தான் வேண்டும் என்றால் தானா மேரா கோஸ்ட் சாலையில் சைக்கிளுக்கென்றே தடம் போட்டிருக்கிறார்கள்.

வீட்டில் பயப்படுவது நியாயம்தான். தனியாகப் போகாதீர்கள். கூட்டமாகப் போனால் லாரிக்காரர் கண்ணில் நன்றாகத் தெரியும். 2022-இல் இருந்து ஒரு குழு ஐந்து சைக்கிள் நீளத்துக்கு மேல் போகக் கூடாது, ஆகவே நாங்கள் ஐந்தைந்து பேராகப் பிரிந்து போகிறோம். செவ்வாயும் வியாழனும் போகிறோம். உங்கள் மனைவியை ஒருநாள் எங்களோடு பேச வையுங்கள். குழுவில் இரண்டு பேருடைய மனைவியர் முதலில் அப்படித்தான் மறுத்தார்கள்.

பூங்கா இணைப்பை விட்டுவிடச் சொல்லவில்லை. அங்கே போகும்போது அது ஓய்வு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் அங்கே 18-க்கு மேல் போவதில்லை. 25 என்பது உச்ச வரம்பு. எந்நேரமும் அந்த வேகத்தில் போகலாம் என்று அதற்குப் பொருள் இல்லை.

---

பொங்கோல்_சைக்கிள்:

எல்லோருக்கும் நன்றி. கொஞ்சம் தாமதமாக வருகிறேன். காரணம் இருக்கிறது.

முதலில் காலைநடை_ஹவ்காங் அம்மாவுக்கு. மணி அடித்த இடத்தை அடுத்த நாள் போய்ப் பார்த்தேன். பாதையில் டயர் இழுத்த கறுப்புக் கோடு இன்னும் இருந்தது. அதில் இருந்து பின்னால் அடி எண்ணி நடந்தேன். என் கணக்கில் பத்து மீட்டர்கூட வரவில்லை. அண்ணன் சொன்ன அந்த ஒரு நொடிதான் நான் கொடுத்திருக்கிறேன். வரம்புக்குள் போனேன் என்று இங்கே எழுதியபோது என் மனதில் கொஞ்சம் நிம்மதி இருந்தது. அங்கே நின்றபோது அது போய்விட்டது.

இந்தச் சனிக்கிழமை சைக்கிளை எடுக்காமல் அதே நேரத்துக்கு நடந்து போனேன். கையில் இரண்டு கோப்பிப் பை. அங்கிள் வந்தார், அதே காலணி, கறை போகவில்லை. முழங்கையில் காயம் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. காது பற்றிக் கேட்டேன். காது நன்றாகக் கேட்கிறது, பயந்துவிட்டேன், குதித்துவிட்டேன், அவ்வளவுதான் என்றார். கோப்பியை வாங்கிக்கொண்டார். சீனி போட்டிருந்தேன், அவர் சீனி இல்லாமல்தான் குடிப்பாராம். அவருக்கும் சர்க்கரை.

அவரோடு பாலம் வரை நடந்தேன். இந்தப் பாதையில் நான் நடந்ததே இல்லை, இத்தனை வருடத்தில். பாலத்தை நெருங்கும்போது எங்களுக்குப் பின்னால் மணி அடித்தது. எனக்கு இரண்டு காதும் நன்றாகக் கேட்கும். சைக்கிளைப் பற்றித் தெரிந்தவன். இருந்தும் எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியவில்லை. தோளைக் குறுக்கிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். அங்கிள் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். இரண்டு ரோடு பைக், எங்கள் முழங்கையை உரசுகிற மாதிரி போனது. காற்று முகத்தில் அடித்தது. என் வேகம்தான் இருக்கும், 24, 25. பாதையில் நின்று பார்க்கும்போது அது வேறு வேகமாக இருக்கிறது.

மேடு_ஏறி அண்ணே, மனைவியிடம் பேசினேன். முதலில் முடியாது என்றாள். அங்கிள் கதையை முழுக்கச் சொன்னேன். ஒரு வாரம் நீங்கள் ஓட்டுவதைப் பின்னால் டாக்ஸியில் வந்து பார்ப்பேன், அப்புறம் சொல்கிறேன் என்றிருக்கிறாள். செவ்வாய் ஐந்தரைக்கு மவுண்ட் ஃபேபர் அடிவாரத்தில் எந்தப் பக்கம் வந்து நிற்கட்டும்?