எண்ணெய்த் தொட்டி ஆவணம் தராமல் இழுக்கும் நகராட்சி

நியூ ஜெர்சியில் பழைய வீடு ஒன்று வாங்குகிறோம். வீட்டைச் சூடாக்கும் எண்ணெய்க்கான நிலத்தடித் தொட்டியை எப்போதோ எடுத்தாச்சு என்கிறார் விற்பவர். காகிதம் எதுவும் இல்லை. ஆனால் சுவரோரப் புல்லுக்குள் துருப்பிடித்த குழாய் ஒன்று இன்னும் நீட்டிக்கொண்டிருக்கிறது! தொட்டி கசிந்திருந்தால் மண்ணைச் சுத்தம் செய்யும் செலவு நம் தலையில்தான் விடியும்.

தொட்டியை எடுத்ததற்கான பெர்மிட், ஆய்வுச் சான்று கேட்டு மார்ச்சில், அரசு ஆவணங்களைக் கேட்டுப் பெற உதவும் மாநிலச் சட்டமான ஓப்ராவின்படி நகராட்சி கிளர்க்குக்குப் படிவம் அனுப்பினேன். முகவரி, மனையின் பிளாக், லாட் எண்கள் எல்லாம் கொடுத்தேன். சட்டம் சொல்வது 7 வேலை நாள். வந்ததோ அவகாச நீட்டிப்பு, அப்புறம் இன்னொரு நீட்டிப்பு. கட்டடப் பிரிவுக்குப் போன் போட்டால் கிளர்க்கையே கேட்கச் சொல்கிறார்கள். மே கடைசியில் பத்திரப்பதிவு.

ஓப்ரா புகார்களை விசாரிக்கும் அரசுப் பதிவுகள் கவுன்சிலில் புகார், சுப்பீரியர் கோர்ட்டில் வழக்கு: இரண்டில் எது சீக்கிரம் வேலைக்கு ஆகும்?