கேம்ப் தணலில் பழ காப்ளர்: செய்தவர்கள், பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் எழுதுங்கள்

சால்ட் லேக் சிட்டி, யூட்டா

கேம்பிங் சீசன் வந்தாலே எல்லோரும் படம் போடுகிறீர்கள், பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் எல்லாப் படத்திலும் அதே சிக்கன், அதே மக்காச்சோளம், கடைசியில் குச்சியில் குத்தின மார்ஷ்மெல்லோ. டச்சு அவன் சட்டியில் காப்ளர், அதாவது பழத்தோடு மாவு சேர்த்துச் சுடுகிற இனிப்பு, செய்து பார்த்தவர்கள் யாரும் இல்லையா? நானே ஆரம்பிக்கிறேன்.

எங்கள் மாநிலத்தில் டச்சு அவன் இல்லாமல் கேம்ப் போனால் ஒரு மாதிரி பார்ப்பார்கள். 1997-ல் சட்டம் போட்டே இதை மாநிலத்தின் சமையல் பாத்திரம் என்று அறிவித்தவர்கள் ஆயிற்றே. கிச்சன் அடுப்பில் வைக்கிற எனாமல் சட்டியைச் சொல்லவில்லை. இது கனத்த வார்ப்பிரும்பு, அடியில் மூன்று குட்டைக் கால், மூடியின் ஓரம் தட்டு மாதிரி எழும்பி நிற்கும். கீழே தணல் பரப்பக் கால், மேலே தணல் கொட்ட அந்த விளிம்பு.

அம்மா ஊரிலிருந்து வந்திருந்த சமயம், பக்கத்து சைட்டில் ஒரு முதியவரும் அவர் மனைவியும். அவர் விறகை ஒரு ஓரமாக எரியவிட்டுவிட்டு ரொம்ப நேரம் சும்மாவே உட்கார்ந்திருந்தார். தீ நாக்கு அடங்கி, நீறு பூத்து, உள்ளே செக்கச்செவேலென்று கங்கு கனன்ற பிறகுதான் சட்டியைத் தொட்டார். ஒரு குட்டி மண்வெட்டியால் கங்கை அள்ளி இன்னொரு பக்கம் வளையமாகப் பரப்பினார், நடுவில் ஒன்றுகூடப் போடவில்லை. அதன்மேல் சட்டி. உள்ளே வெண்ணெய் உருகியதும் மாவுக் கரைசலை ஊற்றினார். மாவு, சர்க்கரை, பால் மூன்றும் ஒவ்வொரு கப், ஓரிரு ஸ்பூன் பேக்கிங் பவுடர், அவ்வளவுதான். அதன்மேல் நறுக்கின பீச் பழத்தைச் சாறோடு கொட்டினார். கரண்டி போட்டுக் கிளறவே இல்லை. மூடியை வைத்து அதன்மேல் கங்கைக் கொட்டினார், கீழே போட்டதைப் போல இரண்டு மடங்கு இருக்கும்.

வேலிக்கு இந்தப் பக்கம் நின்று இதையெல்லாம் பார்த்த அம்மா, “ஏண்டா, இது நம்ம பிரியாணிக்குத் தம் போடுறதுதானே, இதுக்கா இவ்வளவு நேரம் நின்னு பார்க்கிறே” என்றார். எங்களுக்கு வாணியம்பாடிப் பக்கம். மூடிமேல் கங்கு கொட்டுவதைக் கல்யாண வீடுகளில் பார்த்தே வளர்ந்தவர். கொஞ்ச நேரத்தில் காற்று திரும்பியது. அம்மா நேராக அங்கே போய், காற்று வருகிற பக்கம் கங்கு சீக்கிரம் எரிகிறது, சட்டியைத் திருப்பு என்று கையைச் சுழற்றிக் காட்டினார், அவருக்கு இங்கிலீஷ் வராது, பெரியவருக்குத் தமிழ் வராது. பெரியவர் சிரித்துக்கொண்டே சட்டியைக் கால் வட்டம் ஒரு பக்கமும் மூடியைக் கால் வட்டம் எதிர்ப்பக்கமும் திருப்பினார். பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை அவர் எப்படியும் செய்கிற வேலைதான் அது. ஆனால் அம்மாவைப் பொறுத்தவரை அன்றைய காப்ளர் இவர் சொல்லித்தான் வெந்தது, இன்றைக்கும் அப்படித்தான் சொல்கிறார்.

திறந்தபோது கீழே போன மாவு பழத்தைத் தாண்டி மேலே வந்து பொன்னிறமாக வெந்திருந்தது, ஓரத்தில் பீச் சாறு பாகாகி இரும்போடு ஒட்டிக் கொஞ்சம் முறுகியிருந்தது. அந்த ஓரத்துக்குத்தான் சண்டை.

என் கருத்து: விறகுத் தணலில் செய்தால் கையும் மூக்கும்தான் கணக்கு. பிரிக்கெட் என்று கடையில் விற்கிற கரிக்கட்டிகளை எண்ணி வைப்பதெல்லாம் எனக்கு ஒத்து வராது.

ஆஸ்டின், டெக்சாஸ்

பிரிக்கெட்டை இப்படிக் குறைத்துச் சொன்னால் விடமாட்டேன், நண்பரே. அப்புறம் மாநிலப் பெருமை உங்களுக்கு மட்டும் இல்லை, 2005-ல் நாங்களும் டச்சு அவனை டெக்சாஸின் சமையல் சாதனமாக அறிவித்துவிட்டோம்.

பையனின் ஸ்கவுட் குழுவோடு போகும்போது பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள், எல்லாருக்கும் பசி, எல்லாரும் ஆளுக்கொரு தடவை மூடியைத் திறந்து பார்க்க வேண்டும் என்பார்கள். அங்கே கையும் மூக்கும் உதவாது. ஸ்கவுட் மாஸ்டர் சொல்லிக்கொடுத்த கணக்கு இது: சட்டி எத்தனை இன்ச்சோ அதோடு மூன்றைக் கூட்டி மேலே, மூன்றைக் கழித்துக் கீழே. 12 இன்ச் என்றால் மேலே 15, கீழே 9. உள்ளே ஏறக்குறைய 350 டிகிரி ஃபாரன்ஹீட் நிற்கும், நம் கணக்கில் 175 செல்சியஸ் பக்கம். பிரிக்கெட் எல்லாம் ஒரே அளவு, அதனால் பதினொரு வயதுப் பிள்ளைகூட இடுக்கியால் எண்ணி அடுக்கிவிடும். விறகுக் கங்கு ஒன்று கோலிக்குண்டு சைஸ், இன்னொன்று கைமுஷ்டி சைஸ், அதில் என்ன கணக்கு போடுவது?

பிள்ளைகள் செய்தது சோம்பேறி முறை. டின் பீச் இரண்டைக் கொட்டி, மேலே மஞ்சள் கேக் மிக்ஸ் ஒரு பெட்டியைத் தூவி, ஒரு கேன் ஸ்ப்ரைட்டை ஊற்றினார்கள். கேட்டால் முகம் சுளிப்பீர்கள். முக்கால் மணி நேரத்தில் சட்டி காலி, ஃபாயில் விரித்திருந்ததால் கழுவுகிற வேலையும் இல்லை. மே கடைசியிலிருந்து எங்கள் ஹில் கன்ட்ரி பீச் வந்துவிடும், ஃப்ரெட்ரிக்ஸ்பர்க் போகிற வழியெல்லாம் கடை, அப்போது டின்னைத் தொடவே மாட்டேன்.

விறகில்தான் செய்வேன் என்றால் ஓக் அல்லது மெஸ்கீட் வாங்குங்கள். பைன் விறகு படபடவென்று எரிந்து சாம்பலாகிவிடும், தணல் நிற்காது.

ட்ராவர்ஸ் சிட்டி, மிச்சிகன்

அண்ணா, மார்ஷ்மெல்லோ பற்றிச் சொன்னீர்களே, நாங்கள் சைவம், அதில் ஜெலட்டின் இருக்கிறது என்று தெரிந்த நாளிலிருந்து பிள்ளைகளுக்குக் கொடுப்பதில்லை. கேம்ப்ஃபயர் சுற்றி எல்லாப் பிள்ளைகளும் குச்சி பிடிக்க எங்களுடையவை மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். காப்ளர்தான் காப்பாற்றியது. நீங்கள் சொன்ன மாவில் முட்டையே இல்லை பாருங்கள்.

எங்கள் ஊர் செர்ரிக்குப் பேர்போனது. மான்ட்மோரன்சி என்று புளிப்புச் செர்ரி, ஜூலையில் வரும், வெறும் வாயில் சாப்பிட்டால் கண்ணைச் சுருக்கவைக்கும், ஆனால் சூட்டில் சர்க்கரையோடு சேர்ந்தால் அதற்கு ஈடு இல்லை. கொட்டை எடுக்கிற வேலைதான் தாலியறுக்கும், அதை முதல் நாளே வீட்டில் முடித்து டப்பாவில் கொண்டுபோவேன். தண்ணீர் அதிகம் விடுகிற பழம், அதனால் கொஞ்சம் சோளமாவு பிசிறிப் போட வேண்டும், இல்லையென்றால் மேலே கேக்கும் கீழே ரசமுமாக இருக்கும்.

விறகு விஷயத்தில் ஒரு பார்க் ரேஞ்சரிடம் மாட்டிய கதை உண்டு. எங்களோடு வந்த குடும்பம் வீட்டுக் கொல்லையில் வெட்டின விறகைக் காரில் ஏற்றி வந்திருந்தார்கள். ரேஞ்சர் அம்மா கோபப்படவே இல்லை, மரப்பட்டையை உரித்து உள்ளே பூச்சி அரித்த நெளிநெளி கோடுகளைக் காட்டினார். எமரால்டு ஆஷ் போரர் என்கிற பச்சை வண்டு, 2002-ல் டெட்ராய்ட் பக்கம்தான் முதலில் கண்டுபிடித்தார்களாம், அதற்குப் பிறகு கோடிக்கணக்கில் ஆஷ் மரங்கள் போய்விட்டன. விறகை ஊர்விட்டு ஊர் கொண்டுபோகாதீர்கள், எரிக்கிற இடத்திலேயே வாங்குங்கள் என்றார். வாங்கினோம். ஈர விறகு. புகைந்து புகைந்து தணல் ஆவதற்குள் பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள், காப்ளர் காலை டிபன் ஆனது.

டென்வர், கொலராடோ

ஆஸ்டின் நண்பரின் 15, 9 கணக்கு எங்கள் மலையில் பலிக்காது. ஒன்பதாயிரம் அடிக்கு மேல் காற்று மெல்லிசு, கரி சோம்பலாக எரியும், மேலே நாலைந்து கூட்டித்தான் வைக்க வேண்டும். தண்ணீரும் 90 டிகிரி பக்கத்திலேயே கொதித்துவிடும், அதனால் பழம் தளதளவென்று கொதிப்பதைப் பார்த்து வெந்துவிட்டது என்று ஏமாறக்கூடாது, உள்ளே மாவு பச்சையாக இருக்கும். பல் குத்தும் குச்சியை விட்டுப் பாருங்கள். எங்கள் மாநிலத்துப் பாலிசேட் ஊர் பீச் ஆகஸ்டில் உச்சத்தில் இருக்கும், கடித்தால் முழங்கை வரை சாறு ஒழுகும், அதைச் சமைப்பதே பாவம் என்று என் மாமனார் சொல்வார். அடிபட்ட, கனிந்துபோன பழத்தைக் காப்ளருக்கு ஒதுக்கிவிட்டு நல்லதை அப்படியே சாப்பிடுவது எங்கள் வீட்டுச் சமரசம்.

ஆனால் பீச் வருகிற அதே மாதம்தான் தீத்தடையும் வரும். நேஷனல் ஃபாரஸ்டில் முதல் நிலைத் தடை என்றால் முறையான கேம்ப்கிரவுண்டில் நிரந்தரமாக அமைத்த தீ வளையத்துக்குள் மட்டும் மூட்டலாம். இரண்டாம் நிலை வந்துவிட்டால் விறகும் கிடையாது, கரியும் கிடையாது, மூடுகிற வால்வு வைத்த கேஸ் ஸ்டவ் மட்டும்தான். கிளம்புகிற அன்று காலையில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். ஒரு பெட்டி பீச்சோடு போய் இறங்கி, வாசல் போர்டைப் பார்த்து அப்படியே நறுக்கித் தின்றுவிட்டு வந்த குடும்பத்தை எனக்குத் தெரியும், யார் என்று சொல்லமாட்டேன்.

ஃப்ரீமான்ட், கலிஃபோர்னியா

யோசமிட்டியில் செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சாப்பிட்டு முடித்ததும் சட்டியை அப்படியே தீ ஓரத்தில் வைத்துவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். மீதிக் காப்ளர், கழுவாத சட்டி, பாகு ஒட்டின கரண்டி எல்லாம் கரடியால் திறக்க முடியாத கரடிப் பெட்டிக்குள் போக வேண்டும், காருக்குள் வைப்பதும் கூடாது, கதவைப் பிய்த்தெடுக்கிற கரடிகள் அவை. நாங்கள் சட்டியை உள்ளே வைத்துத் தாழ் போட்ட அன்று ராத்திரி பெட்டியைச் சுற்றி முகர்கிற சத்தம் கேட்டது. கரடியா ரக்கூனா என்று எட்டிப் பார்க்கிற தைரியம் எங்கள் டென்ட்டில் யாருக்கும் இல்லை.

ஒரு சந்தேகம்: பழப் புளிப்பு இரும்பை அரிக்காதா? கழுவும்போது எங்கள் சட்டியில் கறுப்பு உதிர்கிறது.

சால்ட் லேக் சிட்டி, யூட்டா

அரிக்கும். தோசைக்கல்லைப் பழக்குவது போலத்தான் இதுவும், எண்ணெய் ஏறின கறுப்புப் படலம்தான் உயிர், புளிப்பு அதைக் கரைத்துவிடும். சுட்டு எடுப்பதில் பெரிதாக ஒன்றும் ஆகாது, ராத்திரி முழுக்க உள்ளேயே ஊறவிட்டால்தான் வினை. அதனால் மீதியை உடனே டப்பாவுக்கு மாற்றுங்கள். சூடாக இருக்கும்போது பச்சைத் தண்ணீர் மட்டும் ஊற்றாதீர்கள், வார்ப்பிரும்பு விரிசல் விடும். கொஞ்சம் ஆறினதும் வெந்நீர் விட்டுச் சுரண்டி, தணல்மேல் காட்டி ஈரம் போக்கி, சூட்டோடு சூடாக எண்ணெய் தடவித் துடைத்து வைத்தால் போதும். உதிர்கிற இடத்துக்கு இதையே நாலு தடவை செய்யுங்கள், திரும்பப் பிடித்துக்கொள்ளும்.

இன்னொன்று, மூடியைத் தூக்குகிற கொக்கி தனியாக விற்கிறார்கள், அதை வாங்கிவிடுங்கள். இடுக்கியால் தூக்கினால் மூடி ஒரு பக்கம் சாயும், மேலே இருக்கிற சாம்பல் முழுக்கக் காப்ளரில்தான் விழும். பக்கத்து சைட் பெரியவர் தூக்குவதற்கு முன்னால் ஒரு சின்னத் துடைப்பத்தால் மூடியைப் பெருக்குவார், அதையும் சேர்த்துக் கொண்டுபோங்கள்.