பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குக் கடைக் கணக்கும் ஆபீஸ் வேலையும்: 12 சனிக்கிழமையில் எதிலிருந்து தொடங்குவது?

கேள்வி: வணிகவியல்_டீச்சர்

அரசு மேல்நிலைப் பள்ளி, பிளஸ் ஒன் வணிகவியல் பிரிவு, 32 பிள்ளைகள். சனிக்கிழமைக்கு 2 மணி நேரம் வீதம் 12 வாரம் கிடைச்சிருக்கு. லேபில் ஓடுற கம்ப்யூட்டர் 10, பிரிண்டர் 1. மேற்படிப்பு வழிகாட்டல் எல்லாம் நான் முதல்வன் வகுப்பிலேயே வந்துடுது, அதை நான் தொடப்போறதில்ல.

என் கவலை வேற. குறிப்பேடு (நாள்வாரிப் பதிவு), பேரேடு (ஒவ்வொரு கணக்கும் தனித்தனியா), இருப்பாய்வு (பற்றும் வரவும் பொருந்துதான்னு பார்க்கிற பட்டியல்) எல்லாம் பரீட்சைக்கு நல்லாவே போடுறாங்க. ஆனா ஒரு நிஜமான பில்லைக் கையில் கொடுத்தா, இது நாம வாங்கினதா வித்ததா, இதுல எந்தத் தொகையை எழுதணும்னு திகைச்சு நிக்கிறாங்க. லேபில் அட்டவணை போட்டுப் பிரிண்ட் எடுத்தா நாலு பக்கமா சிதறி வருது. ஒரு போன் வந்தா விஷயத்தைக் குறிச்சு வைக்கத் தெரியல. பிளஸ் டூ முடிச்சதும் கடை, ஆடிட்டர் ஆபீஸ், சின்ன கம்பெனின்னு வேலைக்குப் போற பிள்ளைகள் பாதிப் பேர் இருப்பாங்க. அவங்களுக்கு இந்த 24 மணி நேரம் உபயோகப்படணும்.

எந்த வரிசையில் போகலாம்? டேலி (கணக்கு எழுதுற மென்பொருள்) பிளஸ் டூ கணக்குப்பதிவியலில் கடைசிப் பாடமா வருது, இப்பவே ஆரம்பிக்கலாமா? வேலை செய்யும் திறனுக்கு மதிப்பெண் எப்படிப் போடுறது?

பதில் 1: பேரேடு

டீச்சர், சிக்கல் கணக்கில் இல்லை, வினாத்தாளில் இருக்கிறது. “ரொக்கத்திற்குச் சரக்கு வாங்கியது ரூ. 4,000” என்று எழுதிக் கொடுத்தால் பாதி வேலையைப் புத்தகமே முடித்துவிடுகிறது. ரொக்கமா கடனா, சரக்கா சொத்தா, நாம் வாங்கியவரா விற்றவரா என்ற மூன்று முடிவுகளும் அந்த வாக்கியத்திலேயே எடுக்கப்பட்டுவிட்டன. கடையில் அந்த வாக்கியத்தை யாரும் சொல்ல மாட்டார்கள். கசங்கிய ஒரு பில்தான் வரும். அதனால் 12 வாரமும் வாக்கியமே கொடுக்காதீர்கள், காகிதம் மட்டும் கொடுங்கள்.

32 பேரை நால்வர் கொண்ட 8 கடைகளாகப் பிரியுங்கள். 4 மொத்த வியாபாரம், 4 சில்லறை, எல்லாமே ஸ்டேஷனரி. ஒவ்வொரு கடையிலும் கொள்முதல், விற்பனை, காசாளர், கணக்கர் என்று நான்கு பொறுப்பு. 3 வாரத்துக்கு ஒருமுறை பொறுப்பு மாறினால் 12 வாரத்தில் எல்லோரும் எல்லா நாற்காலியிலும் உட்கார்ந்துவிடுவார்கள். மூலதனம் ரூ. 20,000. கடைகள் ஒன்றுக்கொன்று வியாபாரம் செய்யட்டும். மொத்தக் கடை எழுதும் விற்பனை பில்லின் நகல்தான் சில்லறைக் கடைக்குக் கொள்முதல் பில். 3 வாரத்துக்கு ஒருமுறை இரு தரப்புப் பேரேட்டையும் அருகருகே வைத்துச் சரிபார்க்கச் சொல்லுங்கள். அங்கே ரூ. 3,450 வரவேண்டும் என்றும் இங்கே ரூ. 3,000 தரவேண்டும் என்றும் இருந்தால், விட்டுப்போன பில்லை அவர்களே தேடி எடுப்பார்கள். ஆசிரியர் சிவப்பு மையால் சுழிக்கவே தேவையில்லை.

பில்களோடு கலந்து கொடுக்க வேண்டிய காகிதங்கள்: வாடகை ரசீது, கரண்ட் பில், ஆட்டோ கூலி வவுச்சர், திருப்பி அனுப்பிய சரக்குக்கான குறிப்பு, பணமில்லாமல் திரும்பிய காசோலை ஒன்று, முதலாளி வீட்டுச் செலவுக்கு ரூ. 500 எடுத்ததாக எழுதிய துண்டுச் சீட்டு. கடைசியாகச் சொன்னதில்தான் நிறையப் பேர் விழுவார்கள். அது எடுப்பு, கடைச் செலவு அல்ல.

சில்லறை ரொக்கத்தை முன்பண முறையில் நடத்துங்கள். ரூ. 1,000 நிலைத் தொகை. எந்த நேரத்தில் எண்ணினாலும் கையிருப்பும் வவுச்சர்களும் சேர்ந்து 1,000 வர வேண்டும். வவுச்சர் 640, கையில் 350 என்றால் 10 குறைகிறது. வகுப்பின் நடுவில் சொல்லாமல் போய் எண்ணுங்கள்.

இருப்பாய்வு பொருந்தாவிட்டால் தேடும் முறையைப் பழக்குங்கள். வித்தியாசம் 9 ஆல் வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்கலாம் (540 ஐ 450 என்று எழுதினால் 90), அல்லது ஒரு சுழி விட்டுப்போயிருக்கலாம் (4,000 க்குப் பதில் 400 என்றால் 3,600). 2 ஆல் வகுபட்டால் அதில் பாதித் தொகையைத் தேட வேண்டும், பற்றில் வர வேண்டியது வரவில் ஏறியிருக்கலாம். இதெல்லாம் பார்க்காமல் அனாமத்துக் கணக்கில் (காரணம் தெரியாத வித்தியாசத்தை ஒதுக்கி வைக்கும் கணக்கு) போட்டுப் பொருத்திவிடும் பழக்கத்தை முதல் நாளே தடுத்துவிடுங்கள். இன்னொன்று: ஒரு பில்லே முழுதாக விட்டுப்போனாலும் இருப்பாய்வு அழகாகப் பொருந்தும். அதனால் பில் எண்கள் தொடர்ச்சியாக இருக்கின்றனவா என்று பார்ப்பதும் கணக்கரின் வேலைதான்.

விலை வைப்பதற்கு ஒரு வாரம் முழுதாக ஒதுக்குங்கள். நோட்டு 40 ரூபாய்க்கு வாங்கி 50 க்கு விற்றால் அடக்கவிலை மேல் லாபம் 25%, விற்பனை விலை மேல் 20%. “நமக்கு 25% லாபம் இருக்கே, 25% தள்ளுபடி கொடுத்தால் கையைக் கடிக்காது” என்று பிள்ளைகள் சொல்வார்கள். போட்டுப் பார்க்கட்டும்: 50 இல் 25% போனால் 37.50, நோட்டுக்கு ரூ. 2.50 நஷ்டம். 20% தள்ளுபடியிலேயே லாபம் பூஜ்யம். இந்த ஒரு கணக்கு புரியாமல் ஆடித் தள்ளுபடி போர்டு வைக்கக் கூடாது.

பதில் 2: கணினிக்கூடம்

பேரேடு சார் சொன்ன அதே கடை, அதே பில்லையே லேபுக்கும் எடுத்துட்டு வாங்க. லேபுக்குன்னு புதுசா ஒரு பயிற்சித் தாள் வேண்டாம். ஒரு கடைக்கு ஒரு கம்ப்யூட்டர்னா 8 போதும், மீதி 2 கைவசம் இருக்கட்டும், கண்டிப்பா ஏதாவது ஒண்ணு படுக்கும். ஒருத்தர் டைப் அடிக்க, ஒருத்தர் பில்லை வாய்விட்டுப் படிக்க, ஒருத்தர் திரையைப் பார்த்துச் சரிபார்க்க, ஒருத்தர் முடிஞ்ச பில்லில் டிக் போட. 15 நிமிஷத்துக்கு ஒருதடவை இடம் மாறணும். இல்லன்னா நல்லா டைப் அடிக்கிற பிள்ளை மட்டுமே 12 வாரமும் கீபோர்டில் உக்காந்திருக்கும்.

அட்டவணைக்கு 7 பத்தி: தேதி, பில் எண், பெயர், பொருள், எண்ணிக்கை, விலை, தொகை. ஒரு பொருளுக்கு ஒரு வரி. நடுவுல வெற்று வரி கூடாது, நடுவுல கூட்டுத்தொகை கூடாது, செல்களை ஒண்ணாச் சேர்க்கவே கூடாது. அழகுக்காகச் சேர்த்துட்டு அப்புறம் வரிசைப்படுத்தவும் ஃபில்டர் போடவும் முடியாம தவிப்பாங்க.

தப்பு வர்ற இடங்கள்:

தொகை பத்தியில் “ரூ. 450” னு அடிச்சா அது எழுத்து, எண் இல்ல. கூட்டல் ஃபார்முலா அதைச் சத்தமில்லாம விட்டுட்டு மத்ததை மட்டும் கூட்டிக் காட்டும். பிழைன்னு ஒரு வார்த்தை வராது, அதுதான் ஆபத்து. செல்லில் இடப்பக்கம் ஒட்டி நிக்குதா, வலப்பக்கம் நிக்குதான்னு பார்க்கச் சொல்லுங்க. நீங்க தனியா மாத்தி வைக்காத வரைக்கும் எண் வலப்பக்கம், எழுத்து இடப்பக்கம்.

தேதி: கம்ப்யூட்டர் அமெரிக்க அமைப்பில் இருந்தா 5/6/2026 னு அடிச்ச ஜூன் 5 மே 6 ஆகிடும். 13/6/2026 வெறும் எழுத்தா நின்னுடும். ஒரே பத்தியில் சில தேதி வலது, சில தேதி இடதுன்னு நின்னா காரணம் இதுதான். அமைப்பை இந்தியான்னு மாத்திட்டு அப்புறம் வகுப்பை ஆரம்பிங்க.

வங்கிக் கணக்கு எண்: முன்னாடி இருக்கிற சுழி காணாமப் போகும். எண்ணுக்கு 15 இலக்கம் வரைக்கும்தான் துல்லியம், 16 இலக்கம் அடிச்சா கடைசி இலக்கம் 0 ஆகிடும். பத்தியை முதல்லயே எழுத்து வடிவத்துக்கு மாத்திட்டு அப்புறம் அடிக்கணும். அடிச்ச பிறகு மாத்தினா போன இலக்கம் திரும்ப வராது.

நாலு பக்கமா சிதறுறதுக்கு: பக்க அமைப்பில் படுக்கைவாக்கு, அகலம் 1 பக்கம், தலைப்பு வரி ஒவ்வொரு பக்கமும் திரும்ப வரணும். முன்னோட்டம் பார்க்காம பிரிண்ட் கொடுக்கக் கூடாதுன்னு சுவரில் ஒட்டிடுங்க. ஓப்பன் ஆபீஸில் ஃபார்முலாவுக்குள்ள பிரிக்க அரைப்புள்ளி, எக்செலில் பெரும்பாலும் காற்புள்ளி. லேபில் பழகிட்டு வெளியே போற பிள்ளை இங்கதான் முதல்ல திணறும்.

தமிழில் அடிக்கிறது முதல் நாளிலிருந்தே யூனிகோடா இருக்கட்டும். பழைய எழுத்துருவில் அடிச்ச கோப்பு, அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் ஆங்கில எழுத்தும் குறியுமா குழம்பித் தெரியும். தமிழ்99 விசைப்பலகையில் உயிரெழுத்து இடது கைக்கு, மெய் வலது கைக்கு. ரெண்டு வாரம் தினம் 15 நிமிஷம் அடிச்சா கை பழகிடும்.

டேலிக்குக் கடைசிப் பகுதியில் 2 வாரம் போதும். காசை வங்கியில் போட்டா எஃப்4, பணம் கொடுத்தா எஃப்5, வந்தா எஃப்6, விற்பனை எஃப்8, கொள்முதல் எஃப்9. எந்த விசைன்னு முடிவு பண்றதுக்குள்ளயே கணக்குப்பதிவு இருக்கு. அதைக் காகிதத்துல புரிஞ்சுக்காத பிள்ளை விசையை மட்டும் மனப்பாடம் பண்ணும். இன்னொரு விஷயம், லைசென்ஸ் இல்லாம கல்விப் பயன்பாட்டு முறையில் திறந்தா 1, 2 மாதிரி மாதத்தின் சில தேதிகளில் மட்டும்தான் பதிவு போட விடும். டேலிக்குன்னு கொடுக்கிற பில்களில் 1, 2 தேதியே போட்டு வைங்க. இல்லன்னா அந்த 2 மணி நேரம் தேதிப் பிழையிலேயே கழிஞ்சிடும்.

வணிகவியல்_டீச்சர்

ரெண்டு பேருக்கும் நன்றி சார். பில்லில் ஜிஎஸ்டி சேர்க்கலாமா? பிள்ளைகள் குழம்பிடுவாங்களோன்னு தயக்கமா இருக்கு.

பேரேடு

முதல் 6 வாரம் வேண்டாம், 7 ஆம் வாரம் சேருங்கள். ஒரு பில்லை எடுத்து அதிலுள்ள ஜிஎஸ்டி எண்ணைப் படிக்க வையுங்கள். 15 எழுத்து, முதல் இரண்டு மாநிலம் (தமிழ்நாடு 33), அடுத்த 10 பான் எண். விழுப்புரம் கடை ஓசூருக்குச் சரக்கு அனுப்பினால் மத்திய வரி பாதி, மாநில வரி பாதி. பக்கத்திலிருக்கும் புதுச்சேரிக்கு அனுப்பினால் ஐஜிஎஸ்டி (மாநில எல்லை தாண்டும் சரக்குக்கான வரி). தூரம் கணக்கில்லை, எல்லைதான் கணக்கு.

அவசியம் செய்ய வேண்டிய ஒரே கணக்கு, வரி சேர்ந்த விலையிலிருந்து வரியைப் பிரிப்பது. 18% வரியோடு ரூ. 1,180 என்றால், 1,180 இல் 18% எடுத்து 212.40 ஐக் கழித்து 967.60 என்று எழுதுவார்கள். தவறு. வரி போட்டது 1,180 மேல் அல்ல, அதற்கு முந்தைய விலை மேல். 1,180 ஐ 1.18 ஆல் வகுத்தால் 1,000, வரி 180, பாதிப் பாதியாக 90, 90. பதிவு பெறாத கடை பில்லில் வரி வசூலிக்கக் கூடாது என்பதையும் சொல்லிவிடுங்கள்.

பதில் 3: அலுவலக_நிர்வாகம்

மேடம், வேலைத் திறனைத் தனி வகுப்பாக வைத்தால் அறிவுரையாகிவிடும், பிள்ளைகள் காதில் வாங்க மாட்டார்கள். இந்த 8 கடைக்குள்ளேயே கலந்துவிடுங்கள்.

போன்: நீங்கள் வாடிக்கையாளராகப் பேசி ஆர்டர் கொடுங்கள், வேகமாக, நடுவில் ஒரு எண்ணிக்கையை மாற்றியும் சொல்லுங்கள். எழுத வேண்டியது ஐந்து: யார், எந்த எண், யாருக்கு, என்ன விஷயம், எப்போதைக்குள். போனை வைக்கும் முன் எண்ணையும் அளவையும் திருப்பிப் படித்துக் காட்ட வேண்டும். பிள்ளைகள் வெட்கப்பட்டு விடுவது இந்தக் கடைசிப் படியைத்தான். பெரியவர்களைத் திரும்பக் கேட்பது மரியாதைக் குறைவு என்று நினைக்கிறார்கள். “சார், ஒரு தடவை திரும்பச் சொல்லிடறேன், சரியான்னு பாருங்க” என்ற வாக்கியத்தை வாய்விட்டுப் பத்து முறை சொல்ல வையுங்கள்.

மின்னஞ்சல்: பொருள் வரியைக் காலியாக விடக் கூடாது. “பில்” என்று மட்டும் எழுதாமல் “பில் எண் 112, 3 டஜன் நோட்டு குறைவு” என்று எழுதட்டும். கோப்பை முதலில் இணைத்துவிட்டு, பிறகு கடிதத்தை எழுதி, கடைசியில் முகவரி போட்டால் இணைப்பு மறக்காது, பாதிக் கடிதமும் போகாது. காகிதக் கடிதத்துக்கு அனுப்புநர், பெறுநர், பொருள் என்ற பழைய முறை போதும்.

பணம்: ஐஎஃப்எஸ்சி (வங்கிக் கிளையின் குறியீடு) 11 எழுத்து, ஐந்தாவது எப்போதும் சுழி. அங்கே ஆங்கில ‘ஓ’ அடிப்பதுதான் வழக்கமான பிழை. காசோலைக்கு எழுதிய தேதியிலிருந்து 3 மாதம்தான் ஆயுள். யூபிஐயில் வாடிக்கையாளர் காட்டும் ஸ்கிரீன்ஷாட் ரசீது ஆகாது, கடைக் கணக்கில் பணம் ஏறியதா என்று பார்த்த பிறகே சரக்கு. பணம் வாங்குவதற்கு யூபிஐ ரகசிய எண் (PIN) கேட்டால் அது ஏமாற்று. 16 வயதுப் பிள்ளைகளுக்கு இதை விட்டுவிடவே கூடாது, வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே கல்லாவில் உட்கார வைப்பார்கள்.

மதிப்பெண்ணுக்கு ஒரு யோசனை, 50 க்கு. கணக்கு பொருந்தியதற்கு 15, காகிதங்கள் வரிசையாகக் கோப்பில் இருப்பதற்கு 10, போன் குறிப்புக்கு 10, தவறைத் தானே வந்து சொன்னதற்கு 15. கடைசி இனத்தைக் குறைக்காதீர்கள். “மேடம், 112 ஆம் பில்லை இரண்டு முறை ஏற்றிட்டோம், இருப்பு 450 கூடுதலா காட்டுது, திருத்தப் பதிவு போட்டாச்சு” என்று என்ன நடந்தது, என்ன பாதிப்பு, என்ன செய்தோம் மூன்றையும் சேர்த்துச் சொன்னால் முழு மதிப்பெண். அப்படிச் சொல்பவரிடம் குரல் உயர்த்தாதீர்கள். ஒரு முறை உயர்த்தினால் அடுத்த வாரம் எல்லாக் கடையும் மறைக்கத் தொடங்கிவிடும்.

வணிகவியல்_டீச்சர்

12 ஆம் வாரம் தேர்வுன்னு தனியா வைக்கணுமா?

பேரேடு

வையுங்கள், ஆனால் வினாத்தாள் வேண்டாம். ஒவ்வொரு கடையின் கோப்பையும் வேறு கடையிடம் கொடுத்து, கூடவே 10 புதுக் காகிதங்கள் உள்ள ஒரு உறை. 90 நிமிடத்தில் அந்தக் கடையின் கணக்கை அவர்கள் தொடர்ந்து எழுத வேண்டும். உறையில் ஒரு பில்லை நகலாக இருமுறை வையுங்கள், ஒரு பில்லில் கூட்டலைத் தப்பாகப் போடுங்கள், பில் எண் வரிசையில் ஒன்றைத் தூக்கிவிடுங்கள். கோப்பு கொடுத்த கடையிடம் ஒரு கேள்விகூடக் கேட்காமல் முடித்தார்கள் என்றால், கோப்பு எழுதியவர்களுக்கும் சேர்த்து மதிப்பெண் போடுங்கள்.