எல்லா நாட்டிலும் பாட்டு கேட்பது ஒரே மாதிரி ஆகிவிட்டதா?

நாடோடி77: திட்டாதீர்கள், மனதில் பட்டதைச் சொல்கிறேன். பாட்டு கேட்கும் செயலியான ஸ்பாட்டிஃபை 2008-ல் ஸ்வீடனில் வந்ததிலிருந்து நாட்டுக்கு நாடு இருந்த வித்தியாசம் கரைந்துபோய்விட்டது. ஆஸ்லோவானாலும் சரி, லாகோஸானாலும் சரி, கையில் போன், காதில் இயர்போன், செயலி எதைத் தள்ளுகிறதோ அதுதான் பாட்டு.

ஊசிமுனை: ஜப்பான்? அமெரிக்காவில் டவர் ரெக்கார்ட்ஸ் என்ற இசைத்தட்டுக் கடை நிறுவனம் 2006-ல் கடையை மூடியது. டோக்கியோ ஷிபுயாவில் அதே பெயரில் பல மாடிக் கடை இன்னும் ஓடுகிறது, சிடி வாங்க ஆள் வருகிறது.

நாடோடி77: வாங்குகிறார்கள், சரி. கேட்கிறார்களா? ஏகேபி48 என்ற ஜப்பானியப் பெண்கள் பாட்டுக்குழுவின் சிடியோடு, குழுவில் பிடித்தவருக்குப் போட ஓட்டுச் சீட்டு, அவரோடு கைகுலுக்கச் சீட்டு என்று வைத்து விற்றார்கள், ஒரே ரசிகர் ஒரே சிடியைக் கட்டுக் கட்டாக வாங்கினார். கொரிய ஆல்பத்தையும் பலர் உள்ளே இருக்கும் போட்டோ கார்டுக்காக வாங்கிவிட்டு, பாட்டை என்னவோ போனில்தான் கேட்கிறார்கள்.

ஊசிமுனை: நியாயம். சிடியை விட்டுவிடுகிறேன் (கொஞ்சம் வலிக்கிறது). ஆனால் அதே ஜப்பானில் ஜாஸ் கிஸ்ஸா என்று காபிக் கடைகள் இருக்கின்றன. வெளிநாட்டு இசைத்தட்டு வாங்கக் கட்டுப்படியாகாத காலத்தில், ஒரு காபிக்குக் காசு கொடுத்துவிட்டு பெரிய ஸ்பீக்கர் முன்னால் வாய் திறக்காமல் உட்கார்ந்து கேட்டார்கள். இன்று எல்லாம் போனில் கிடைத்தும் போகிறார்கள். ஜமைக்கா இதற்கு நேர் எதிர். கிங்ஸ்டனில் 1950களிலிருந்து சவுண்ட் சிஸ்டம்தான், ஆள் உயரத்துக்குப் பெட்டிகளை அடுக்கித் தெருவையே அதிரவைப்பார்கள், பேஸ் என்கிற கனத்த அடிச்சத்தம் காதுக்கு முன் நெஞ்சில் வந்து இடிக்கும். அதை இயர்போனில் கேட்டுவிட்டு ஜமைக்காவின் ரெகே இசை கேட்டேன் என்றால் என்ன சொல்ல!

காற்றாடி: இருவருமே எல்லோரிடமும் இணையம் இருப்பதாக நினைத்துப் பேசுகிறீர்கள். கியூபாவில் மொபைல் இணையம் 2018 டிசம்பரில்தான் வந்தது. அதுவரை ‘எல் பாக்கேத்தே’தான், வாரத்துக்கு ஒரு டெராபைட் அளவுக்குப் பாட்டும் படமும் ஹார்ட் டிஸ்க்கில் கைமாறும். மாலியில் போன் கடைக்காரர் மெமரி கார்டில் பாட்டு ஏற்றிக் கொடுப்பார், அப்புறம் அது புளூடூத்தில் ஆளுக்கு ஆள் பரவும். அடுத்த பாட்டு எது என்று அங்கே பக்கத்தில் இருக்கிற மனிதர்தான் முடிவு செய்தார்.

நாடோடி77: அது வசதி இல்லாததால் வந்தது, பழக்கம் இல்லை. இணையம் மலிவானால் போய்விடும்.

காற்றாடி: ஜாஸ் கிஸ்ஸாவும் வசதி இல்லாததால் வந்ததுதானே? போகவில்லையே.

நாடோடி77: அங்கே போகிறவர்கள் கொஞ்சம் பேர், அதை நாட்டுப் பழக்கம் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். சவுண்ட் சிஸ்டத்துக்குத்தான் என்னிடம் பதில் இல்லை, தெருவைக் காதில் மாட்ட முடியாது.