மறுமொழி: ‘விசிபிள் ஸ்ரோரேஜ்’ களஞ்சியமா, கிடங்கா, வைப்பகமா?

எல்லாருக்கும் வணக்கம்.

இந்த இழையை முதல்ல இருந்து வாசிச்சுக்கொண்டு வாறன், இப்ப இது கிடங்கோ களஞ்சியமோ எண்டதை விட்டிட்டு ஈழத்துத் தமிழோ தமிழ்நாட்டுத் தமிழோ எண்ட பழைய சண்டைக்குள்ள இறங்கப் பாக்குது, அதுக்கு முதல் கேட்ட கேள்விக்கு ஒருக்காத் திரும்பி வருவம் எண்டுதான் நீட்டா எழுதுறன், குறை நினையாதேங்கோ. தங்கச்சி கேட்டது இவ்வளவுதான். வாற வருசக் கண்காட்சிகள், வெளிநாட்டில சின்னப் பட்டினங்களில இருக்கிற மியூசியங்களைப் பெருப்பிக்கிறது, இதுகளைப்பற்றி ஒரு கட்டுரை எழுதுறா, அதில மூண்டு இங்கிலீசுச் சொல்லுக்குத் தமிழ் இடறுது. லோன் (ஒரு மியூசியம் மற்றதுக்குக் கொஞ்சக் காலத்துக்குப் பொருள் குடுக்கிறது), எக்ஸ்ரென்ஷன் (மியூசியத்தைப் பெருப்பிக்கிறது), விசிபிள் ஸ்ரோரேஜ் (கண்காட்சியில வைக்காமல் சேமிச்சு வைச்சிருக்கிறதையும் சனம் பாக்க விடுறது).

முதல் ரெண்டையும் கெதியா முடிச்சுப்போடலாம்.

> இரவல் எண்டா ஒரு மாதிரிக் கிடக்கு, ‘கடனளிப்புக் கண்காட்சி’ எண்டு போடலாமே

அண்ணை, கடன் எண்டா எங்கட சனத்துக்கு வங்கியும் வட்டியும் அடைவு வைச்ச நகையும்தான் ஞாபகம் வரும். இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறியாதே எண்ட பழமொழியால அந்தச் சொல்லுக்கு ஒரு ஏழ்மை ஒட்டியிருக்கு எண்டு சொல்லுறியள், அது சரி, ஆனா நூலகங்களில ‘இரவல் வழங்கும் பகுதி’ எண்டு எழுதியிருக்கிறதைப் பாத்து ஆர் வெக்கப்பட்டது? பிரான்சில பாயோ எண்ட பட்டினத்து மியூசியத்தைப் பாருங்கோ. பெருப்பிச்சுக் கட்டிறதுக்காக 2025 செப்டெம்பரில பூட்டினவை, 2027 ஒக்ரோபரில திறக்கிறதெண்டு திட்டம், அந்த இடைவெளியிலதான் அங்க இருக்கிற ‘பாயோ ரப்பெஸ்ரி’ எண்ட 11ஆம் நூற்றாண்டுச் சீலை, கிட்டத்தட்ட 70 மீற்றர் நீளம், 1066இல நோர்மன்காரர் இங்கிலாந்தைப் பிடிச்ச கதை முழுக்க அதில இருக்கு, அது லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு வருகுது, 2026 செப்டெம்பரில இருந்து 2027 ஜூலை வரைக்கும் எண்டு அறிவிச்சிருக்கினம். பதிலுக்கு அங்கயிருந்து சட்டன் ஹூ எண்ட இடத்தில கிண்டியெடுத்த பழைய ஆங்கிலோ சக்சன் புதையல் சாமான்களும் ஸ்கொட்லாந்தில லூயிஸ் தீவில கண்டெடுத்த பழங்காலச் செஸ் காய்களும் நோர்மண்டிப் பக்கம் போகுது. ரெண்டு பெரிய நாடுகள் இரவல் குடுத்து இரவல் வாங்கினம், எங்களுக்கென்ன கூச்சம். ‘இரவல் கண்காட்சி’, ‘இரவலாக வந்த பொருள்’, முடிஞ்சுது.

(தங்கச்சி, அந்தச் சீலையை ‘நெசவு’ எண்டு எழுதியிருக்கிறீர். பேரில ரப்பெஸ்ரி எண்டு இருந்தாலும் அது நெய்ததில்லை, லினன் துணியில கம்பளி நூலால தைச்சது. ‘தையற் சித்திரச் சீலை’ எண்டு மாத்திவிடும்.)

எக்ஸ்ரென்ஷனுக்கு வந்த சொல்லுகளில ‘புதிய சிறகு’ எண்டதும் ஒண்டு, இங்கிலீசில ‘விங்’ எண்டதை அப்பிடியே மாத்தினது. மியூசியம் பறக்கப்போகுதோ! கட்டடம் நீண்டா ‘புதிய பகுதி’, சேகரிப்பு, வேலை செய்யிற ஆக்கள், இடம் எல்லாம் சேர்ந்து வளந்தா ‘விரிவாக்கம்’. இதில மினக்கெட ஒண்டுமில்லை.

இனி ஸ்ரோரேஜ். இதில முதல் சாமானைப் பாப்பம், பிறகு பேரைப் பாப்பம், ஏனெண்டா எங்களில பாதிப்பேர் ஒரு சாமானையும் மற்றப் பாதிப்பேர் வேற ஒரு சாமானையும் மனசில வைச்சுக்கொண்டு கதைக்கினம்.

எந்தப் பெரிய மியூசியத்திலயும் வெளியில வைச்சிருக்கிறது சொற்பம். பிரிட்டிஷ் மியூசியத்திட்ட 80 லட்சம் பொருள் அளவில இருக்கு, சனம் பாக்க வைச்சிருக்கிறது 80,000 அளவு, அதாவது நூற்றில ஒண்டு. மிச்சமெல்லாம் பின்னால பூட்டின அறையில. அந்தப் பூட்டின அறையையே சனத்துக்குக் காட்டினா என்ன எண்டு கனகாலத்துக்கு முதலே யோசிச்சது கனடாவில வன்கூவரில, பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழகத்து மானிடவியல் மியூசியம். 1976இல புதுக்கட்டடத்துக்கு வந்த நேரம் சேகரிப்பைக் கண்ணாடி அலுமாரிகளில நெருக்கி அடுக்கி, கீழ இழுத்துப் பாக்கிற லாச்சிகளும் வைச்சவை. அங்கதான் விசிபிள் ஸ்ரோரேஜ் எண்ட பேர் பிரபலமானது, 2010இல அவையே அந்தப் பேரை விட்டிட்டு வேற பேருக்குப் போட்டினம் எண்டதையும் ஞாபகம் வைச்சிருங்கோ.

அடுத்தது ஒல்லாந்தில, றொட்டர்டாமில பொய்மன்ஸ் மியூசியத்துக்காரர் 2021 நவம்பரில திறந்தது. அது அலுமாரி இல்லை, ஒரு முழுக் கட்டடம், வெளிப்பக்கம் முழுக்கக் கண்ணாடி பதிச்ச பெரிய கிண்ணம் மாதிரி, 40 மீற்றருக்குக் கிட்ட உயரம், உள்ளுக்கு 151,000க்கு மேல பொருள். சனம் ரிக்கற் எடுத்து உள்ளுக்குப் போகலாம், திருத்துற ஆக்கள் ஓவியம் திருத்திறதையும் பாக்கலாம். இதில எனக்குப் பிடிச்ச விசயம் அடுக்கிற முறைதான். எந்தக் காலம், எந்தப் பாணி எண்டு பாத்து அடுக்கேல்லை, எந்தப் பொருளுக்கு எவ்வளவு சூடு, எவ்வளவு ஈரப்பதன் தேவையெண்டு பாத்து அடுக்கியிருக்கினம். மரப் பெட்டியும் ஓவியமும் ஒரு அறை, புகைப்படம் வேற அறை, உலோகம் இன்னொரு அறை. 

மூண்டாவது லண்டனில விக்ரோறியா அன்ட் அல்பேட் மியூசியம் 2025 மே 31இல ஸ்ரற்ஃபோட் பக்கம் திறந்த களஞ்சியம். புத்தகங்களையும் சேர்த்தா ஆறு லட்சம் பொருளுக்குக் கிட்ட. அங்க ஒருத்தர் இன்ரநெற்றில பாத்து அஞ்சு பொருள் வரைக்கும் தெரிவு செய்து, எனக்கு இதைக் காட்டுங்கோ எண்டு திகதி பதிஞ்சு போகலாம், எடுத்துக்கொண்டுவந்து முன்னால வைப்பினம்.

ஆக, கண்ணாடிக்கு இஞ்சால நிண்டு பாக்கிறது ஒண்டு, உள்ளுக்குப் போய்ப் பாக்கிறது ஒண்டு, கேட்டு எடுப்பிச்சுப் பாக்கிறது ஒண்டு. எங்கட சொல்லு இந்த மூண்டையும் தாங்கவேணும்.

திருச்சி நண்பர் சொன்ன ‘காட்சிக் கிடங்கு’ அவையட பக்கத்தில நல்ல சொல்லு, நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா ஐயா, யாழ்ப்பாணத்தில கிடங்கு எண்டா பள்ளம். றோட்டில கிடங்கு, மழை பெய்ஞ்சா தண்ணி நிக்கிற கிடங்கு, குப்பை தாக்கிற கிடங்கு. மியூசியத்துச் சாமானைக் கிடங்கில வைச்சிருக்கினம் எண்டு இஞ்ச எழுதினா அடுத்தநாள் ஆராவது முறைப்பாடு குடுப்பினம். ‘வைப்பகம்’ எண்டதும் அதே மாதிரித்தான், வைப்பு எண்டா எங்களுக்கு நிலையான வைப்பு, வருச வட்டி. ரொறொன்ரோ அண்ணை பேசாமல் ‘டிப்போ’ எண்டே வைப்பம், றொட்டர்டாம்காரரும் அப்பிடித்தானே சொல்லினம் எண்டார். அண்ணை நீங்கள் போய்க் கனகாலம், டிப்போ எண்டா இஞ்ச இப்பவும் கோண்டாவில் பஸ் டிப்போதான். ஒல்லாந்தரிட்ட இருந்து கந்தோரும் லாச்சியும் எடுத்தது போதும்.

‘களஞ்சியம்’ எண்டதில பெரும்பாலும் எல்லாரும் ஒத்துவந்திட்டினம் எண்டு நினைக்கிறன். பள்ளிக்கூடத்தில, கந்தோரில, ஆஸ்பத்திரியில களஞ்சியப் பொறுப்பாளர் எண்டு ஒருத்தர் இருப்பார், திறப்பு அவரிட்ட இருக்கும், அவர் லீவெண்டா சோக்குக்கட்டியும் வராது. கணக்கு, பதிவு, பொறுப்பு எல்லாம் அந்தச் சொல்லுக்குள்ளயே கிடக்கு. கஸ்ரம் என்னெண்டா ‘கலைக்களஞ்சியம்’ எண்டு வைக்கேலாது, அது முதலே வேற வேலைக்குப் போட்டுது. 

இப்ப முன்னுக்கு என்ன போடுறது?

‘திறந்த களஞ்சியம்’ எண்டதுக்கு ஆதரவா திறந்த பல்கலைக்கழகத்தை இழுத்தவை. அந்தத் திறந்த வேற கண்டியளோ, அது ஆரும் சேரலாம் எண்ட திறந்த. களஞ்சியத்துக்கு முன்னால போட்டா கதவு பூட்டாமல் விட்டிட்டுப் போன மாதிரி இருக்கு. மற்றது, இதில ஒண்டும் உண்மையில திறந்து இல்லை, கண்ணாடி இருக்கு, கமரா இருக்கு, தொடக்கூடாது.

‘காட்சிக் களஞ்சியம்’ எண்டதுக்குத்தான் கனபேர் கை தூக்கினவை, எனக்கு அதில உடன்பாடில்லை. காட்சி எண்டா ஒராள் யோசிச்சு, இதுக்குப் பக்கத்தில இது எண்டு அடுக்கி, எங்களுக்கு ஒரு கதை சொல்லுறார் எண்டு அர்த்தம். களஞ்சியத்தில அந்தக் கதை இல்லை, அதுதானே அதின்ர ருசி. றொட்டர்டாமில ஈரப்பதன்தான் அடுக்குது. காட்சி எண்டு பேர் வைச்சா வாற சனம் விளக்கப் பலகையைத் தேடும், காணாட்டி இது சரியில்லாத கண்காட்சி எண்டு நினைக்கும். அதோட ‘அருங்காட்சியகத்தின் காட்சிக் களஞ்சியம்’ எண்டு ஒரே வரியில ரெண்டு காட்சி, காதுக்கும் நல்லாயில்லை. 

ரீச்சர் தந்த ‘காண்களஞ்சியம்’ இருக்கே, உண்மையச் சொன்னா இந்த இழையில வந்ததில வடிவான சொல்லு அதுதான். கண்ட, காண்கிற, காணும் எல்லாத்தையும் ஒண்டா அடக்கிற வினைத்தொகை, ஊறுகாய் சுடுகாடு மாதிரி வலி மிகாது, ண் ட் ஆகாது, இலக்கணத்தில ஒரு கீறல் இல்லை. ஆனா ரீச்சர், அதை வாயால சொல்லிப் பாத்தனீங்களோ? நான் வீட்டில ரெண்டு மூண்டு பேரிட்டச் சொல்லிப் பாத்தன், எல்லாருக்கும் ‘காணிக் களஞ்சியம்’ எண்டு கேட்டுது, காணிப் பிரச்சினை இல்லாத வீடு இஞ்ச எங்க இருக்கு, உடன காணி உறுதி எடுத்துக்கொண்டு வரவேணுமோ எண்ட மாதிரி ஒரு முழிப்பு. இன்னொண்டு, எங்கட பேச்சில காண் எண்டது கூடுதலா வாறது ‘காணேல்லை’ எண்டுதான். 

ஆனபடியா நான் ‘பார்வைக் களஞ்சியம்’ பக்கம். நடுவில ஒருத்தர் போகிறபோக்கில சொன்னதை ஆரும் எடுக்கேல்லை. ‘பொதுமக்கள் பார்வைக்கு’ எண்ட வரி எங்கட ஊரில அறிவித்தல் பலகைகள், பத்திரிகை விளம்பரங்கள் எல்லாத்திலயும் இருக்கு, கோயில் கணக்கறிக்கை ஒட்டுறதெண்டாலும் அப்பிடித்தான் ஒட்டுவினம். பார்வைக்கு வைச்சிருக்கு எண்டா நீ பாக்கலாம், எடுக்கேலாது எண்டு ஆருக்கும் விளங்கும். கண்ணாடிக்கு வெளியில நிண்டாலும் பார்வைதான், உள்ளுக்குப் போனாலும் பார்வைதான், கேட்டு எடுப்பிச்சாலும் பார்வைக்குத்தான். இலக்கணமும் சரி, பார்வைக்கு உரிய களஞ்சியம், நாலாம் வேற்றுமை, க் மிகும். 

> பார்வை எண்டா கண் ஆஸ்பத்திரி மாதிரி இருக்காதோ

பக்கத்தில களஞ்சியம் நிக்கேக்க அந்த மயக்கம் வராது. பார்வையாளர் எண்ட சொல்லை ஆரும் கண்டொக்ரர் எண்டு நினைக்கேல்லைத்தானே.

யாழ்ப்பாணம் நாவலர் றோட்டு மியூசியத்துக்கு இதை வைச்சுப் பாருங்கோ. வாசலில ஒல்லாந்தர் காலத்துப் பீரங்கி, திமிங்கிலத்தின்ர எலும்பு, உள்ளுக்குக் கந்தரோடையில எடுத்த சாமான், எல்லாம் நெருக்கமா, பழைய வீட்டுச் சாமான் அறை மாதிரி. அதைக் கண்காட்சி எண்டு நினைச்சுப் போறவை முகத்தைச் சுளிக்கினம். என்னைக் கேட்டா அது தெரியாமலே ஒரு பார்வைக் களஞ்சியமா இருக்கு, பேரை மட்டும் அப்பிடி வைச்சு, ஒவ்வொண்டுக்கும் பதிவெண்ணும் எடுத்த இடமும் தெளிவாப் போட்டுவிட்டா அந்த நெருக்கமே ஒரு அழகு. நூலகத்துக்குப் பக்கத்தில இந்திய உதவியில கட்டி 2023இல கையளிச்ச கலாசார மையத்திலயும் மியூசியத்துக்கெண்டு ரெண்டு மாடி இருக்கு, நாளைக்கு அங்க அப்பிடி ஒரு அறை வந்தாலும் கதவில போட எங்களிட்ட ஒரு சொல்லு தயாரா இருக்கவேணும். அந்த மையத்தின்ர பேரிலயே 2025 ஜனவரியில யாழ்ப்பாணம் எண்டதைக் காணேல்லை எண்டு எவ்வளவு சத்தம் வந்தது எண்டு தெரியும்தானே, எங்கட ஊரில பேர் சின்ன விசயமில்லை.

19ஆம் நூற்றாண்டில மானிப்பாயில அமெரிக்க மிஷனைச் சேர்ந்த கிறீன் வைத்தியர் தமிழிலயே மருத்துவம் படிப்பிச்சவர், அதுக்குத் தமிழ்ச் சொல்லுகளும் ஆக்கினவர், அவருக்கு வந்த வசதி என்னெண்டா சொல்லைப் போட்ட உடன பாவிக்கிறதுக்குப் பெடியள் முன்னால இருந்தவை. எங்களுக்கு அந்த வசதி இல்லை, பட்டியல் போட்டிட்டுப் படுத்திடுவம். அதால தங்கச்சி, நீர் வாக்கெடுப்பு முடியுமட்டும் பாத்துக்கொண்டிராமல் கட்டுரையில போட்டுவிடும். முதல் தரம் வாற இடத்தில மட்டும் ‘கண்காட்சியில் வைக்காத பொருள்களையும் மக்கள் பார்க்கக்கூடிய பார்வைக் களஞ்சியம்’ எண்டு ஒரு வரி, பிறகு வெறும் பார்வைக் களஞ்சியம்.

ரீச்சர், கோவமில்லாட்டி ஒரு உதவி. லண்டனில திகதி பதிஞ்சு பொருளைக் கேட்டு எடுப்பிக்கிற அந்தச் சேவைக்கு ஒரு பேர் வேணும். ‘கேட்டுப் பார்த்தல்’ எண்டு வைக்கலாம் எண்டு முதல் நினைச்சன், அது விசாரிக்கிறதெண்டு போயிடும். ‘பொருள் அழைப்பு’ சரிவராது, பொருளை ஆர் கலியாணத்துக்கே கூப்பிடுறது. ‘எடுப்பித்துப் பார்த்தல்’ எண்டு ஒண்டு மனசில கிடக்கு, பிறவினை சரியா நிக்குதோ எண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ, கட்டுரை வாற வெள்ளிக்கிழமை போகவேணுமாம்.